நிந்தவூர் மாப்பிள்ளை

அன்று என் வீட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் நால்வர்: நான், மனைவி அஸீஸா, மகள் றுஸ்னா, கல்முனையில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் றவூப்.

"ஹாஜியார், நிந்தவூர் ஹிஷாமுக்கு றுஸ்னாவைக் கேட்டு வந்திருக்கன். இந்த சீசன்ல பதினெட்டுக் கோல் அடிச்ச பொடியன்."

"அரைக் காற்சட்டையோட ஊர் பார்க்க ஓடுறவன் என்ட மருமகனா?"

"எனக்கு ஓம், வாப்பா" என்றாள் றுஸ்னா.

"உன்னை ஆரும் கேட்கல்ல."

றவூப் விடவில்லை. "நிக்காஹ் முடிஞ்சா பொண்டாட்டிட ஊட்டுக்குத்தானே வருவான். அப்ப நம்மட கழகத்துக்குத்தான் விளையாடுவான்."

"பொண்ணைக் குடுத்து ஆள் புடிக்கிற மானங்கெட்ட குடும்பமா இது? எழும்பிப் போ!"

அவன் வாசலில் நின்று திரும்பினான். "லீக்ல நாம கடைசி. இன்னும் ரெண்டு மெச் தோத்தா கீழ்ப் பிரிவுக்கு இறங்கிருவம். கழகத்துக்கு இருக்கிறது உங்கட வாப்பாட பேரு, ஹாஜியார்."

அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது.

கிண்ணத்துக்காக மகளைக் கொடுத்தேன் என்று ஊரில் கதைக்கிறார்கள். அது பொய். கிண்ணப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம். கொடுத்தது லீக்குக்காக.