பொற்கரம் வெளியீட்டு விழா

மனித குல வரலாறு இன்று காலை பத்தரை மணியோடு இரண்டாகப் பிரியப்போகிறது என்று மைக்கில் அறிவித்தார் பேராசிரியர் அறவாழி. பக்கவாதத்தில் செயலிழந்த கையை இயக்கும் இயந்திரக் கையுறை ஒன்றை அவர் கண்டுபிடித்து, அதற்குப் 'பொற்கரம்' என்று பெயரும் சூட்டி, தனக்கொரு பொன்னாடையும் தானே வாங்கி வைத்திருந்தார். அந்தக் கையுறையைத் தன் செயலிழந்த வலது கையில் மாட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்த சடையப்பனுக்கு வரலாற்றில் பெரிய அக்கறை இல்லை. ஒன்றரை வருடமாக அவருக்கு வேட்டி கட்டிவிடுவது மனைவி வடிவுதான். ஒரு நாளாவது அதைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் ஆறு மாதமாகத் தினமும் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மரக்கட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

"இதோ, பொற்கரம் எழுகிறது!" என்றார் பேராசிரியர்.

வழக்கமாகக் கையுறை முதலில் வண்டுபோல் ரீங்கரிக்கும். இன்று சத்தமே இல்லை. இருந்தாலும் விரல்கள் நடுங்கி விரிந்து, கட்டையைக் கவ்வித் தூக்கி, அடுத்த பெட்டியில் போட்டன. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வரிசையிலிருந்து வடிவு மேடைக்கு ஓடிவந்தாள். "ஏங்க, எந்திரிச்சுடாதீங்க, வேட்டி அவுந்து கெடக்கு. ஊரே பாக்குது. இருங்க, நான் கட்டிவிடறேன்."

"நீ தள்ளு புள்ள, நான் பாத்துக்கறேன்" என்றார் சடையப்பன், சுவரைப் பார்த்தபடி.

மேடைக்கென்று அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருந்தது. அதில் மைக்கைச் சொருகியிருந்தார்கள். கையுறையின் ஒயர் தரையில் கிடந்தது.