மௌனச்சாமி மிஷின்

"நடுவுல நிறுத்திட்டு, விட்ட எடத்துலேர்ந்து மறுபடியும் ஓட்டுற மாதிரி எதனா சாஃப்ட்வேர் இருக்குதா தம்பி?"

தசரதன் கேட்டதும் அறிவுச்செல்வனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர். போன வருஷம் வரைக்கும் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் மினி பஸ் ஓட்டியவர். இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டவர், தேர், கோபுரம் என்று குட்டி மாடல்களை மரத்தில் செதுக்குகிற மிஷின் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதுவே செதுக்கிவிடும்.

கிரிவலப் பாதையில் லாட்ஜ் கட்டியிருக்கும் முருகையன், வரவேற்பறையில் வைக்க ஒரு சின்னத் தேர் கேட்டிருந்தார். தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வேண்டுமாம். இதுதான் முதல் ஆர்டர். இது நன்றாக அமைந்தால் அடுத்தடுத்து வரும் என்று தசரதன் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வனோ சென்னைக் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே டிசைன் போடுகிற எஞ்சினியர். அவனிடம் போய் இப்படி ஒரு கேள்வி!

"எதுக்குண்ணே நிறுத்தணும்? கரண்ட் போவுதா? யுபிஎஸ் வாங்கி மாட்டுங்க."

"கரண்ட் இல்ல தம்பி... நம்ம நெலம அப்படி."

"நான் சொல்ற சாஃப்ட்வேரப் போடுங்க. காலையில பட்டனத் தட்டினா ஒரே ஓட்டம். சாயங்காலம் தேரோட ஒரு பக்கம் முழுசா வந்துடும். குதிரையோட பிடரி மயிருகூட தனித்தனியாத் தெரியும். நடுவுல நிறுத்தினா மரத்துல கோடு வுழுந்துடும்."

"ஒரே ஓட்டமா..." தசரதன் தலையைச் சொறிந்தார். "அது நமக்கு சரிப்படாது தம்பி."

கடைசியில் அவர் ஏதோ ஓசி சாஃப்ட்வேரைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்குமாம். எப்போது வேண்டுமானாலும் மிஷினை நிறுத்திக்கொள்ளலாமாம்.

"துண்டு போடறதுக்கு மிஷின் எதுக்கு சிந்து? அருவாமனை போதாதா?" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "மினி பஸ் ஓட்டின புத்தி எங்க போவும்? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தியே பழகிட்டாரு!"

சிந்துஜா சிரிக்கவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டே, "மெதுவாப் பேசுங்க, இப்பதான் கண்ண மூடுறா" என்றாள்.

அடுத்த வீட்டில் மிஷின் கர்ரென்று கொஞ்ச நேரம் ஓடும். டக்கென்று நின்றுவிடும். அப்புறம் மணிக்கணக்கில் சத்தமே இருக்காது. இந்த ஊரில் பேசாத சாமியார்களுக்கா பஞ்சம்? அறிவுச்செல்வன் அதற்கும் மௌனச்சாமி மிஷின் என்று பெயர் வைத்துவிட்டான். டீக்கடை, இஸ்திரி வண்டி, வாட்ஸ்அப் குரூப் என்று தெரு முழுக்கப் பெயர் பரவியது. தசரதன் காதிலும் விழுந்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ரோஷம் கெட்ட மனுஷன் என்று அறிவுச்செல்வன் நினைத்துக்கொண்டான்.

"பாப்பா இன்னா சொல்லுது? வேல பாக்க வுடுதா?" என்று டீக்கடைக்காரர் கேட்டபோது மட்டும் அவன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

"எங்க பாப்பா தங்கம்ணே. பகல்ல தூங்கினா தூங்கினதுதான். எல்லாம் வளக்குற வெதத்துல இருக்கு."

கொடியேற்றம் நெருங்கியது. ஒருநாள் முருகையன் அறிவுச்செல்வனுக்கே போன் போட்டார். லாட்ஜ் கட்டும்போது இவனிடம் ஆலோசனை கேட்ட பழக்கம்.

"தம்பி, தசரதன் உங்க பக்கத்து வீடுதானே? தேர முடிச்சிருவாரா? கேட்டா, ஆயிடும் ஆயிடும்னுதான் சொல்றாரு. நீங்க வெவரம் தெரிஞ்சவரு, உள்ளதச் சொல்லுங்க."

"மிஷின் ஓடுற சத்தமே கேக்கறது இல்ல சார். அப்புறம் எங்க முடிக்கறது? பெரிய தேரே சுத்தி வந்து நிலைக்கு நின்னுடும், இவரு தேரு பொறப்படவே பொறப்படாது. பேசாம ரெடிமேடா வாங்கிடுங்க."

"நல்லவேள சொன்னீங்க. சென்னையில ஒருத்தரு ரெடியா வெச்சிருக்காரு. இப்பவே பணத்தப் போட்டுடறேன்."

ஊருக்கு உபகாரம் பண்ணிய திருப்தியோடு போனை வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் இத்தனை நாளாக என்னதான் கிழித்தார் என்று பார்த்துவிட ஆசை வந்தது. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான்.

மேசைமேல் தேர் நின்றது.

முழுத் தேர். அடுக்கடுக்காய்ப் பொம்மைகள், பாய்கிற குதிரைகள், உருளுகிற சக்கரங்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் விழுந்த கோடுகளையெல்லாம் உப்புத்தாள் வைத்துக் கையாலேயே தேய்த்து எடுத்திருந்தார். உச்சிக் கலசம் மட்டும் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வன் குனிந்து ஒரு குதிரையின் பிடரியைத் தடவிப் பார்த்தான்.

"வாங்க தம்பி! இது ஒண்ணுதான் பாக்கி. இன்னும் கொஞ்ச நேரம் ஓடினா..."

பேச்சைப் பாதியில் விட்டு, தசரதன் சட்டென்று மிஷினை நிறுத்தினார். போய்ச் சுவரில் காதை வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிறீச், கிறீச் என்று மெல்லிய சத்தம். அவன் வீட்டுத் தூளிக் கம்பிதான்.

"ஏண்ணே... நிறுத்திட்டீங்க?" அறிவுச்செல்வன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

தசரதன் உதட்டில் விரலை வைத்தார்.

"பாப்பா தூங்கப் போவுது. இது கத்துனா சுவரே அதிருது, புள்ள தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குது. அது தூங்கி எழுந்துக்கட்டும் தம்பி, அப்பறம் ஓட்டிக்கலாம். ஆர்டர் எங்க போயிடப் போவுது?"