ஒரு படி குறைந்த ரோஸ்

கிணற்றுத் தண்ணீரில் முக்கிய பரிசோதனைக் குச்சியின் நுனி நிறம் மாறும் வரை வைகுண்டராஜ் மூச்சை அடக்கிக்கொண்டார்.

இரண்டு வருடமாக வெறும் மணலைக் காட்டிக்கொண்டு கிடந்த தேவதானத்து ஆறு, ஒரே மழையில் கரை தொட்டு ஓடியது. அவர் வீடும் கிணறும் ஆற்றோரத்தில்தான். ஆறு வந்தால் கிணறு தன்னைக் கழுவிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

கிணற்றில் நைட்ரேட் அதிகம், இதில் கைப்பிள்ளைக்குப் பால்மாவு கரைக்கக் கூடாது, காய்ச்சினாலும் போகாது என்று டாக்டர் சொன்ன அன்றே மகள் மாதவி பிள்ளையோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். கேன் தண்ணீர் இறக்கிவைக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். உங்க கிணறு சரியாகட்டும், வாரேன் என்றாள்.

தொட்டில் சேலையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. மின்விசிறி போட்டால் அது தானாக ஆடுகிறது. அதனால் விசிறி போடுவதில்லை.

இராஜபாளையத்துத் தண்ணீர் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்திருந்த பிரிஸ்கில்லா, குச்சியை வண்ண அட்டையோடு சேர்த்துப் பிடித்தாள்.

போன தடவையைவிட அடர்ந்த ரோஸ்; நைட்ரேட் கூடியிருந்தது.

வைகுண்டராஜ் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே, துணிக்கடையில் சேலை பார்ப்பவரைப் போலக் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இம்புட்டு ரோஸா? வெயில்ல பாரும்மா. ஒரு படி எறக்கிச் சொல்லு.”

“குச்சிகிட்டயே பேரமா அண்ணாச்சி?” அவள் சிரித்தாள். பிறகு ஆற்றைக் கைகாட்டினாள். “அந்தத் தண்ணியில முக்குனாலும் குச்சி இதே நெறந்தான். மழையில்லாத காலத்துல போட்ட உரமெல்லாம் மண்ணுலயே கெடந்துருக்கு. இப்போ மொத்தமா எறங்கி வருது. யூரியாவ அள்ளிக் கொட்டாதீங்கன்னு மேக்க உள்ள வயக்காரங்ககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாவ.”

“கேப்பாவ” என்றார்.

அவள் வண்டி வளைவு திரும்பும் வரை நின்றார். வீட்டுக்குள் போக அவசரமில்லை.

கைபேசி அடித்தது. மாதவி இல்லை. மேலக்காட்டு வயக்காரர் ஐயாதுரை.

“அண்ணாச்சி, போட்டதையெல்லாம் மழை அடிச்சிட்டுப் போயிட்டு. செத்த வந்து கடையத் தொறங்க. யூரியா இன்னும் நாலு மூடை வேணும். எல்லாரும் வாசல்லதான் நிக்கோம்.”

சாவிக்கொத்து சுழல்வது நின்றது.

கலங்கிய தண்ணீர் கரையை உரசிக்கொண்டு போனது.

“வாரேன்” என்றார்.

சாவியைத் தேட வேண்டியிருக்கவில்லை. கையில்தான் இருந்தது.