சொட்டும் கசியாது

என் கை பட்டு மேசையிலிருந்த பாறைத் துண்டின் மேல் டம்ளர் தண்ணீர் கவிழ்ந்தது. அணுக்கழிவைப் புதைக்கப்போகும் இடத்துப் பாறை அது. சுற்றி வழிந்ததை உடனே துடைத்துவிட்டேன்; பாறையின் மேல் குழியில் தேங்கியதை அப்படியே விட்டேன். மதியம் பாறையைத் தூக்கினால், "லட்சம் வருடமானாலும் சொட்டும் கசியாது" என்று நான் எழுதிய அறிக்கை அடியில் ஊறிக் கிடந்தது.

அதிகாரியிடம் ஓடினேன். "சார், பாறை கசியுது."

"அது பரிசோதனை இல்லப்பா, கைதவறல். வேற பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போடு."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"லட்சம் வருஷம் கழிச்சு உன்னை யாரு தேடப்போறா?"

நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அப்படியே, பத்து நாளாக மனைவி நச்சரிப்பதையும் கேட்டேன். ஆபீசில் எங்களுக்கு வீடு ஒதுக்கியிருந்தார்கள். தோட்டம், கிணறு எல்லாம் உண்டாம். மூட்டைகூடக் கட்டிவிட்டாள்.

"வீடு எங்க சார் இருக்கு?"

இத்தனை நாள் மழுப்பியவர், கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

"அந்தப் பாறைக்கு மேலதான். கையெழுத்துப் போட்டவனே குடியிருந்தாத்தானே ஜனங்க நம்புவாங்க?"