நாலாவது மேசை

மின்விசிறி பொருத்தும் வரிசையில் ஐந்து மேசைகள். எந்த மேசையிலும் ஒரு விசிறி அறுபது வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அந்த வேலையைப் பிரித்துப் போட்டு நான்கே மேசையில் முடிக்க வழி சொன்னால்தான் புது இன்ஜினியருக்கு வேலை நிரந்தரம். விஷயத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

இன்ஜினியர் ஸ்டாப்வாட்சும் கையுமாக வந்தான். மேனேஜர் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார். வாட்சைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை கனத்துவிட்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. திருகாணியைத் தாலாட்டித் தாலாட்டி முடுக்கினார்கள்.

நாலாவது மேசைக்காரம்மா மட்டும் பம்பரமாய்ச் சுழன்றாள். இருபத்திரண்டு.

இன்ஜினியர் குனிந்து, "நிதானமாவே செய்யுங்கம்மா" என்றான்.

"எல்லாரும் இழுத்தடிக்கிறாங்க. நானும் இழுத்தா உங்க பேரு என்னாகும் சார்?"

அடுத்த விசிறியை இருபதில் முடித்தாள்.

அறைக்குத் திரும்பியதும் மேனேஜர் தாளைத் தட்டினார். "நாலாவது மேசையை எடுத்துடலாம். அந்த இருபது வினாடி வேலையை மூணும் அஞ்சும் பத்துப் பத்தா பிரிச்சுக்கட்டும். உன் வேலை நிரந்தரம்யா."

"சார், இருக்கறதுலயே அவங்கதான் நல்லா வேலை செய்யறாங்க."

"அதுக்கென்ன பண்றது? வாட்சு சொல்லிடுச்சு. அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி அவங்க பொண்ணுகிட்ட சொல்லணும்."

"அது எதுக்குய்யா?"

"அந்தப் பொண்ணைத்தான் சார் நான் கட்டியிருக்கேன்."