கால் கயிறு

கசாக் வழக்கப்படி, நடை பழகத் தொடங்கிய மகனின் கால்களைக் கயிற்றால் கட்டிவிட்டாள் ரௌஷான். அந்தக் கயிற்றை வெட்டிவிட ஆள்தான் வேண்டும்.

“வெட்டுறவங்க ராசிதான் புள்ளைக்கு ஒட்டும். விமானம் ஓட்டின எங்க அண்ணன் வெட்டட்டும்!” என்றார் மாமியார் கலாம்காஸ். “நம்ம அல்மாட்டியிலேருந்து நியூயார்க் பத்தாயிரம் கிலோமீட்டர். விமானம் மாறிமாறிப் போய்ச் சேர ஒரு நாள் ஆகுது. அண்ணனுக்கு அது அடுத்த தெரு மாதிரி!”

ரௌஷான் கத்தியைக் கொடுக்கவில்லை. “வேணாம் அத்தை. பக்கத்து வீட்டு ரொட்டிக்கார அக்கா வெட்டட்டும்.”

“ஊர் எல்லையைக்கூடத் தாண்டாதவளா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

சுவரில் சாய்த்து வைத்திருந்த போனில், மகனை இன்னும் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்க்காத கணவன் நியூயார்க்கிலிருந்து சிரித்தான். “அம்மா, எனக்கு வெட்டின மாமாதானே இவனுக்கும் வெட்டப்போறாரு?”

கலாம்காஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ரொட்டிக்காரியைக் கூப்பிடுடி.”