காலையில் போட்ட அப்டேட்

தில்லை நகர் மருத்துவமனையின் வரவேற்பறையில் உமாமகேஸ்வரி லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவமனைக்காகச் செய்த வெப்சைட்டை அதில் ஓட்டிக் காட்டினால்தான் ஆர்டர் கிடைக்கும். சர்வரோ கிளம்பவே இல்லை.

"காலைல வந்த சர்வர் அப்டேட்டைப் போட்டீங்களா?" பக்கத்து நாற்காலியில் இருந்த கியாசுதீன் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க."

"அதான் கோளாறு. அதைத் தூக்கிட்டுப் பழைய வெர்ஷனைப் போடுங்க."

"டேட்டா அழிஞ்சிடாதே?"

"அட, தைரியமாப் போடுங்கம்மா."

போட்டாள். வெப்சைட் திறந்தது.

"பெரிய உதவிங்க சார்! டாக்டரைப் பார்க்க வந்தீங்களா?"

"இல்லம்மா, நானும் இதே ஆர்டருக்குத்தான்." கியாசுதீன் நிதானமாகத் தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். "எனக்கும் காலைலேர்ந்து இதே கோளாறு."

உமாமகேஸ்வரி தன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் டேட்டா போயிருந்தா?"

"நான் என்னோடதுல பழசைப் போடாம விட்டிருப்பேன்."